சான்றுப்பொருள் எண் பதினான்கு

சாக்கின் வாயைக் கட்டிய சணலில்
என் கையெழுத்தும் தேதியும் தொங்கின.
உள்ளே முகோம்பேரோக் கொடியின் வேர், நாலு கிலோ.
காகமேகா காட்டின் வடக்கு ஓரத்தில்
ஷிமுலியின் மோட்டார்சைக்கிளிலிருந்து
நான் பறித்தது.
அனுமதியின்றி மருந்துவேர் தோண்டிய குற்றம்.

முதல் வாய்தாவில் நீதிபதிக்கு மலேரியா.
இரண்டாவதில் மின்சாரம் இல்லை.
மூன்றாவதற்கு முந்தின இரவு
காவல் குடிசை மூலையில்
சாக்கின் ஓட்டை வழியே
ஒரு பச்சை விரல் நீண்டிருந்தது.
அது காட்டிய திசையில்
என் நாற்காலி.

சான்றுப்பொருள் அழுகினால்
விளக்கம் எழுத வேண்டும், மூன்று படிகளில்.
முளைத்தால் என்ன எழுதுவது என்று
கையேட்டில் இல்லை.

அவகாடோ மரத்தடியில் குழி வெட்டி வைத்தேன்.
காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன்.
இலை மஞ்சளித்தது.

மோட்டார்சைக்கிள் எண் பதினைந்து;
அது முளைக்கவில்லை.
அதனால் ஷிமுலி வாய்தாவுக்கு நடந்தே போவான்,
என் வேலியைக் கடந்து.
ஒருநாள் நின்றுவிட்டான்.
“மூழ்கடிக்கிறீர்கள், அஃபாண்டே.
காட்டில் இதற்கு யார் குடம் சுமக்கிறார்கள்?
சருகு போடுங்கள், கணுக்கால் உயரத்துக்கு.
தண்டின் கழுத்தை மட்டும் மூடாதீர்கள்.
ஏறுவதற்கு ஒரு கயிறு.”

அரசாங்கச் சீருடையில் நான் சருகு பொறுக்கியதை
கறுப்பு வெள்ளைக் குரங்குகள் பார்த்தன.
அவற்றுக்குச் சம்மன் போவதில்லை.

இரண்டு மழைக்காலம்.
என் உள்ளங்கையைவிட அகல இலை,
கிள்ளினால் பால்.
ஒரு வியாழக்கிழமை பூத்தது:
உள்ளே கருஞ்சிவப்பு, ஓரம் இளம்பச்சை.
அவன் வருவதற்குள் உதிர்ந்துவிட்டது.
நிறம், அளவு, நேரம் எல்லாம்
சாட்சிக்கூண்டில் சொல்வதுபோல் சொன்னேன்.
கண்ணை மூடிக் கேட்டான்.

எதற்குத் தோண்டினாய் என்று
வழக்கில் யாரும் கேட்டிருக்கவில்லை.
நானே ஏழாவது வாய்தாவில்தான் கேட்டேன்.
“பிள்ளை பெற்றபின் மினாயோ
எதையும் வாயில் வைக்கவில்லை.
இந்த வேரை மென்றால் முதலில் கசக்கும்,
பிறகு வெறும் தண்ணீரும் இனிக்கும்,
பசி திரும்பும் என்பார்கள்.
மிச்சத்தை பஸ் நிறுத்தத்தில் விற்க.”
மிச்சம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
நாலு கிலோவும் நான்தானே நிறுத்தேன்.

பதினோராவது வாய்தாவில் புது நீதிபதி.
சான்றுப்பொருளைக் கொண்டுவருக.
அதுவோ
மரத்தின் இரண்டாம் கிளையில்
காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

பிடுங்கினால் கொடி சாகும்.
பிடுங்காவிட்டால் வழக்கு சாகும்,
என் வேலையும் கொஞ்சம் சாகும்.
எதிரியைக் கூப்பிட்டனுப்பினேன்.
வந்து மண்டியிட்டு
மண்ணை விரலால் விலக்கினான்.
தாய்வேரைத் தொடாமல்
பக்கவேர் ஒன்று. கத்தி என்னுடையது.
வெட்டுவாயில் சாம்பல் தடவி
மண்ணைத் திரும்ப மூடினான்.

“அன்றும் இப்படித்தான் எடுத்தாயா?”

நெடுநேரம் நகக்கண்ணைச் சுரண்டினான்.
“அன்று அவசரம்.”

செய்தித்தாளை நீதிபதி பிரித்தபோது
வனிலாவா இஞ்சியா என்று தெரியாத ஒரு வாசம்
கூடத்தின் கடைசி பெஞ்சுவரை போனது.
தட்டச்சு நின்றது.
“நாலு கிலோ என்று எழுதியிருக்கிறது.
இது நூறு கிராம் இருக்குமா?”
“மீதி வளர்ந்துகொண்டிருக்கிறது, அம்மா.”
யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அபராதம் இரண்டாயிரம் ஷில்லிங்.
மோட்டார்சைக்கிளை விடுவித்தார்கள்,
பேட்டரி செத்திருந்தது.
தள்ளிக்கொண்டே போனான்.
பின்னிருக்கையில், இப்போது ஓடித்திரியும் வயதில்,
அவன் மகள் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

திருப்பித் தந்த வேரில்
ஒரு கணு நறுக்கிக் கடைவாயில் அடக்கினேன்.
கசந்தது.
குழாய் பக்கத்தில்தான் இருந்தது.
தண்ணீரைத் தொடாமல்
நின்றுகொண்டிருந்தேன்.