வருகை அணி

புள்ளிப் பலகையில் இரண்டு ஆணி.
இடப்பக்கம் எங்கள் பெயர், கழற்றுவதே இல்லை.
வலப்பக்கம் வருகிறவர்களுக்கு.
ஒன்பது கல்லூரிக்கு ஒன்பது தகரத் தகடு,
எல்லாம் நான் எனாமலில் எழுதியவை.
ஆய்வுக்கூட உதவியாளன் சம்பளத்தில்
இதற்கென்று ஒரு காசும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது.
மண்டல மறுசீரமைப்பாம்.
பெரிய கல்லூரிகள் நான்கும் தலைநகர் லீக்குக்குப் போகின்றன,
அங்கே தொலைக்காட்சி, அங்கே மரத்தளம்.
மூன்று தெற்கோடு ஒட்டிக்கொண்டன.
இரண்டு, கூடைப்பந்தையே மூட்டை கட்டிவிட்டன.
மிச்சமிருந்த எங்களைக்
கிழக்கு மண்டலத்தில் போட்டிருந்தார்கள்.

புக்கிட் செராயா மேற்கில் இருக்கிறது.
சுவரில் இருந்த வரைபடத்தை மறுபடியும் பார்த்தேன்.
மேற்கில்தான் இருக்கிறது.
செம்பனை, செம்பனை, ஒரு பெட்ரோல் நிலையம்,
திரும்பவும் செம்பனை, பிறகு நாங்கள்.

முதல் ஆட்டமே கோலத் திரங்கானுவில்.
பஸ் வாடகை மூவாயிரத்து இருநூறு வெள்ளி,
விளையாட்டு நிதியில் இருந்தது நாலாயிரம்.
ரொசாலின் மிஸ் விசிலைக் கடித்தபடி கணக்குப் பார்த்தார்.
"ஒருமுறை போகலாம், வரலாம்.
அதற்குமேல் ஜெயித்துத் தொலைக்கக் கூடாது."

பெரியவர்களை நாங்கள் அடித்திருக்கிறோம், ஒரே ஒருமுறை.
எழுபத்தொன்றுக்கு எழுபது.
அன்று மழை. கூரை ஓட்டைக்கு நேர் கீழே,
மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, ஈரம்.
எங்கே வழுக்கும் என்று எங்கள் பையன்களுக்குத் தெரியும்.
அதன்பின் சிநேக ஆட்டத்துக்குக்கூட அவர்கள் வரவில்லை.
ஜெயித்தால் பெயரில்லை, தோற்றால் இருக்கிற பெயரும் போகும்,
யார்தான் வருவார்கள், நானாக இருந்தாலும் வரமாட்டேன்.

கடைசிப் பந்தைப் போட்டவன் திவ்யேஷ்.
ஜூனில் ஒரு படிவத்தோடு வந்து நின்றான்.
அதே பெரிய கல்லூரி.
முழு உபகாரச் சம்பளம், தங்க இடம், இரண்டு ஜோடி சப்பாத்து.
அவன் அம்மா உரக்கிடங்கில் சாக்கு தைக்கிறாள்.
பொருள்களைத் திருப்பித் தந்ததற்கு என் கையெழுத்து வேண்டுமாம்.
சட்டை, எண் பதினொன்று.
முழங்கால் பட்டை ஒன்று.
பந்து ஒன்று குறைந்தது.
நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை,
போட்டுக் கொடுத்தேன்.

திரங்கானு போனோம், தோற்றோம், விடிய நாலு மணிக்கு வந்து சேர்ந்தோம்.
பிறகு அக்டோபர் முழுக்க ஆணி காலி.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்
எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து மூன்று மோட்டார் சைக்கிள், ஆறு பேர்.
நேப்பாளிகள்.
விளக்கைப் பார்த்து வந்தோம் என்றான் தில் பகதூர், உடைந்த மலாயில்.
ஒருவன் காலில் ரப்பர் ஸ்லிப்பர்.
ஹக்கிமி மிஸ்ஸைப் பார்த்தான்.
மிஸ் விசிலை ஊதினார்.

போன கல்லூரி ஒன்றின் தகட்டை எடுத்துத் திருப்பினேன்,
பின்புறம் சுத்தமாக இருந்தது.
என்ன பேர் எழுத?
கம்பெனிப் பேர் வேண்டாம், அவசரமாகச் சொன்னார்கள்.
தங்களுக்குள் கூடிப் பேசினார்கள், சிரித்தார்கள்.
கடைசியில் ஸ்லிப்பர்க்காரன் சொன்னதை
அப்படியே எழுதினேன்:
இரவு ஷிஃப்ட்டு.

நன்றாகத் துள்ளுகிறார்கள்.
விதி தெரியாமல் இடிக்கிறார்கள், இடித்துவிட்டுத் தூக்கிவிடுகிறார்கள்.
மூன்றாம் கால்பகுதி,
நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்தொன்று, பின்னால் இருப்பது நாங்கள்,
ஆலைச் சங்கு ஊதியது.

கை குலுக்க நேரமில்லை, ஓடினார்கள்.
ஸ்லிப்பர்க்காரன் மட்டும் பாதியில் திரும்பி
பந்தை சூன் கீட் கையில் கொடுத்துவிட்டு ஓடினான்.

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
கைவிடப்பட்டது என்று ஒரு பத்தி,
ஒத்திவைக்கப்பட்டது என்று ஒரு பத்தி.
மிஸ் விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டார்.
பெயிண்ட் இன்னும் காயவில்லை, மிஸ்,
இப்போது கழற்ற முடியாது.