ஏகமனதாக

கவுஞ்சியில் மாசித் திருவிழா, மூன்றாம் ராத்திரி.
ஆர்மோனியக்காரர் மலையேறும் பஸ்ஸில்
வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டார்.
ராணி வேஷம் கட்டும் சடையாண்டி
பூண்டு மூட்டையோடு வடுகபட்டிக்குப் போனவன்,
விலை படியவில்லை, அங்கேயே தங்கிவிட்டான்.

நாடகம் கம்பவுண்டர் தேவசகாயம் எழுதியது.
கடலுக்கு அந்தப் பக்கம், நானூறு வருஷம் முன்னால்,
கல்யாணமே வேண்டாமென்று நாடாண்ட ஒருத்தி.
அவள் கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளை வட்டம்,
தலையைத் தாம்பாளத்தில் எடுத்துவைத்த மாதிரி.
துணிக்குக் காசில்லை.
பஞ்சாயத்து ஆபீசில் கழித்துப்போட்ட தாளில் ஒரு கட்டு வாங்கி
விசிறியாய் மடித்து மைதாப் பசை தடவினேன்.
மிச்சத்தில் ஓலைச்சுருள், அரச கட்டளை இத்யாதி.
மேடையில் என் முகம் தெரியாது.
படுதாவுக்குப் பின்னால் ஒரு டார்ச், நாற்பது பக்க நோட்டு:
வசனம் மறந்தவர்களுக்கு நான்.

அன்று வசனம் முழுக்கத் தெரிந்தவள்
தலைவர் பூங்காவனம் ஒருத்திதான்.
பெண்களுக்கு ஒதுக்கிய பதவி.
நாற்காலியில் உட்காருவது வீட்டுக்காரர் மாசாணம்.
ரப்பர் முத்திரை அவர் சட்டைப்பையில்.
கையெழுத்தையும் அவரே போட்டுவிடுவார்,
பூவன்னாவுக்கு ஒரு சுழி கூடுதலாக.
ஒத்திகைக்கு அவள் தினமும் வந்தது
மண்டபத்துச் சாவி அவளிடம் இருந்ததால்.
ஊர்ச்சொத்தில் அவள் கைக்கு வந்தது
அது ஒன்றுதான்.

பிரெஞ்சு இளவரசன் நிஜக் குதிரையில் வந்தான்.
ஏரியில் சவாரி விடுகிற குதிரை,
படம் எடுப்பதற்காக நின்று நின்று பழகியது.
ராணி "போய்வாரும்" என்றும் அது போகவில்லை.
சாணி போட்டது. ஊரே சிரித்தது.
மாசாணமும் முன்வரிசையில் தொடை தட்டிச் சிரித்தார்.

அடுத்தது மரண ஓலை.
மந்திரியாக ரேஷன்கடை வீரணன், மண்டியிட்டு,
"மகாராணி, கையொப்பம்."
நோட்டுப்படி அவள் கோழியிறகை வாங்கவேண்டும்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுதவேண்டும்.
"இறகு, இறகு" என்று கிசுகிசுத்தேன்.

"வாசியும்" என்றாள்.

நோட்டில் அப்படி ஒன்றும் இல்லை.
வீரணன் பேந்தப் பேந்த விழித்தான்.
படிக்கச் சொன்னால் படிப்பவன். சுருளை விரித்து
தர்பார்க் குரலிலேயே தொடங்கினான்:
"தீர்மானம் எண் பதினேழு.
கீழத்தெரு ஊற்றுக்கிணறு தூர்வாரி
சுற்றுச்சுவர் கட்டிய வகையில்
ரூபாய் மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
மன்றம் ஏகமனதாக..."
குரல் அங்கே நொண்டியது.

முதலில் சிரிப்பு.
கீழத்தெருப் பெண்கள் சிரிக்கவில்லை என்பது
கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.

"கிணறு எங்கே, மந்திரி?"
"சமூகத்துக்குத் தெரியாததா..."
"கீழே யார் பெயர்?"
"தங்கள் பெயர்தான், தாயே."
குனிந்து பார்த்தாள். கழுத்துக் காகிதம் சரசரத்தது.
"என் பூவில் இத்தனை சுழி கிடையாது."

மாசாணம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
யாரும் அவரைப் பார்க்கவில்லை,
அத்தனை பேரும் அவரைப் பார்க்காமல் இருந்தார்கள்.

எனக்குக் கை நடுங்கியது. நான்கு பக்கம் தாண்டி
"ஸ்பெயின் கப்பல்கள்!" என்று உரக்கக் கத்திவிட்டேன்.
பையன்கள் நீலச் சேலையை ஆட்டத் தொடங்க,
மன்னவனூர்ப் பக்கமிருந்து மூடுபனி
கேட்காமலே மேடையேறியது.
கப்பல் போயிற்று, மந்திரி போனான், கம்பவுண்டர் போனார்.
வெள்ளை வட்டம் மட்டும் தெரிந்தது.
அதற்குள்ளிருந்து குரல் வந்தது,
அதன்பிறகு ஒரு எழுத்துப் பிசகவில்லை.

கூட்டம் கலைந்ததும் என் டார்ச்சைக் கேட்டு வாங்கினாள்.
சாவி அவளிடம்தானே, மண்டபத்தை உள்ளே பூட்டிக்கொண்டாள்.
கழுத்து வட்டத்தைக் கழற்றி மடியில் வைத்து
மடிப்பு மடிப்பாய்ப் பிரித்தாள்.
எண், தேதி, தொகை, சுழி.
வெளியே யாரோ இரண்டு முறை கதவைத் தட்டினார்கள்.
நிமிரவில்லை.
"பசையை இவ்வளவு கெட்டியாவா தடவுவாங்க?"
என்று என்னைத் திட்டினாள்.

ஒன்பது தாள் கிழிந்துபோனது.
பன்னிரண்டு தேறியது.