மனிதனை நீக்கும் கட்டளை

அந்தனானரிவோவில் ஜூன் மாதக் குளிர்.
ஆய்வகத்தின் இரண்டாம் மாடியில்
பதினொரு பேர், பத்து மடிக்கணினி.
எனக்கும் மியூராவுக்கும் ஒரே விசைப்பலகை.
இடது பாதி என்னுடையது.
என்டர் அவள் பக்கம்.

சொல்லித்தர வந்தவன் சுலுஃபு,
என்னைவிட ஒன்பது வயது இளையவன்.
துலூஸில் படித்துவிட்டு வந்தும்
ரொட்டியைக் காப்பியில் நனைத்துத்தான் தின்பான்.
"திரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள்" என்றான்.
"கறுப்பாக இருக்கிறதே தவிர
அதற்குள் யாரும் ஒளிந்திருக்கவில்லை."

முதல் நாள் முழுக்க எனக்குப் போனது
ஓர் இடைவெளியில்.
கோப்பின் பெயர் நடுவே கைதவறி விட்டுவிட்டேன்.
இயந்திரம் அதை இரண்டு கோப்புகள் என்று நம்பி
இரண்டையும் காணவில்லை என்று சாதித்தது.
பதினான்கு வருடம்
எலியின் மண்ணீரலில் கிருமி தேடியவள் நான்,
ஒரு வெற்றிடத்தைத் தேடத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் மின்சாரம் போயிற்று.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவர்
மதியச் சோறு முடிந்தும் வரவில்லை.
ஜன்னலோர வெளிச்சத்தில் சுலுஃபு
வெள்ளைப் பலகையில் எழுதினான்:
ஏ, சி, ஜி, டி.
"இந்த நாலுதான். ஐந்தாவதாகவும் ஒன்று வரும்.
எந்த எழுத்தென்று தெரியாத இடத்தில்
இயந்திரம் ஊகித்துப் பொய் சொல்லாது,
என் என்று போட்டுவிடும்."
"எங்கள் துறைத்தலைவருக்கும் இதைச் சொல்லிக்கொடு"
என்றாள் மியூரா.

மூன்றாம் நாள் எங்கள் சொந்த மாதிரிகள்.
போன அக்டோபரில் சளியில் எடுத்தவை.
தரம் பார்த்தோம்.
வால்பக்கம் சிவப்பில் சரிந்த வரிகளை
நகம் வெட்டுவதுபோல் வெட்டினோம்.
பதினேழாம் எண்ணைத் திறந்தேன்.
மனிதன், நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.
பிளேக் கிருமி, ஒன்றரை.
மிச்சம் இன்னதென்று தெரியாதவை.

"வழக்கம்தான்" என்றான் சுலுஃபு.
"நமக்கு வேண்டியது அந்த ஒன்றரை.
கிருமியைப் படிக்கத்தானே கையெழுத்து வாங்கினீர்கள்,
ஆளைப் படிக்க இல்லையே.
மனிதனை நீக்கிவிடுங்கள்."
சரியான பேச்சு. நியாயமான பேச்சு.
கட்டளையை அடித்தோம்.
இடைவெளியெல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

எனக்குப் பதினேழைத் தெரியும்.
ஃபெனுசுவா. மொராமாங்கா வேனின் நடத்துனர்,
பதினைந்து இருக்கையில்
இருபத்திரண்டு பேரை அடுக்குகிறவன்.
குப்பியை நீட்டித் துப்பச் சொன்னேன்.
வாங்கி, இருமி, மூடித் திருப்பித் தந்து,
"சில்லறை இல்லை அக்கா, அப்புறம் தருகிறேன்" என்றான்.
முகக்கவசத்துக்குள் சிரித்துவிட்டேன்.
மறுநாள் விடியுமுன் படுக்கை காலி.

பிளேக்கில் போனவனைக்
குலக் கல்லறையில் சேர்க்க விடமாட்டார்கள்.
ஊருக்கு வெளியே தனிக்குழி, சுண்ணாம்பு,
எட்டி நிறுத்தப்பட்ட ஒரு தம்பி.

இங்கே, இந்தத் தொண்ணூற்று நான்கில்,
கிழக்கே கடல் தாண்டி ஓடத்தில் வந்தவர்கள்,
மேற்கே கால்வாய் கடந்து வந்தவர்கள்,
அவனை உள்ளே விடாத கல்லறையின்
அத்தனை பேரும்
எட்டு ஜிகாபைட்டில்
அவனோடு நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள்.
இருபத்திரண்டு பேர் ஏறிய வேன் மாதிரி.

"அழுத்தவா?" என்றாள் மியூரா.
அவளுக்கு அவனைத் தெரியாது.
என் முகத்தைத் தெரியும்.
சற்றுநேரம் பொறுத்தாள்.
"அழுத்து."

பதினொரு நிமிடம் ஓடியது.
கிருமியின் வரிகள் சுத்தமாக வந்தன.
எந்தக் கிளையில் போய் ஒட்டுகிறது என்று
நாளைக்கு மரம் வரைந்து பார்ப்போம்.
கோப்பைத் திறந்து கீழே உருட்டினேன்.
இந்த மென்பொருள் வரிகளைத் தூக்கி எறிவதில்லை.
நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு
எழுத்தை மட்டும் மூடிவிடுகிறது.
அவன் இருந்த இடமெல்லாம்
பக்கம் பக்கமாய்
உருட்ட உருட்ட

என் என் என் என் என் என் என்
என் என் என் என் என் என் என்
என் என் என்