ஒரு பக்கத்துக்குள்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
மாடியில் கொமியூனிகேஷன் கடை.
பக்கம் இருபது ரூபாய், கலர் என்றால் அறுபது.
"ரெண்டு பக்கமா வந்திருக்கு தங்கச்சி,
ஒண்ணாக் குறைச்சாத்தான் பார்ப்பாங்க" என்கிறான் ரிஸ்மி,
எந்த நேர்முகத்துக்கும் போயிராதவன்,
இந்த மாதம் மட்டும் நாற்பது பேரை
ஒரு பக்கத்துக்குள் அடக்கியவன்.

குறைக்கிறேன்.
முதலில் போனது வலைப்பந்து.
பிறகு தமிழ்த்தினப் போட்டி, வலய மட்டம், மூன்றாமிடம்.
பிறகு எழுத்தின் அளவு.

பட்டம் ஒரே வரி.
நான்கு வருடம், இரண்டு பகிஷ்கரிப்பு,
பேராதனை மழைக்குக் கொடுத்த மூன்று குடை,
எல்லாம் சேர்ந்து
புள்ளிவிபரவியல், இரண்டாம் வகுப்பு, மேற்பிரிவு.
வரி முடிந்தும் கொஞ்சம் இடம் மிஞ்சியது.

வேலை அனுபவம் என்ற தலைப்பின் கீழே
வெள்ளை.
கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது.

போன வாரம் விடுதியில்
நுஸ்ரா வங்கி அதிகாரியாக வேடம் போட்டாள்.
கட்டிலில் கால்மேல் கால்,
மடியில் கோப்பாகத் தலையணை.
உன்னைப் பற்றிச் சொல்.
கடின உழைப்பாளி, குழுவாக இயங்குபவள் என்று தொடங்கினேன்.
"நிப்பாட்டு. இது எங்கட ரூமில நாலு பேரும் சொல்றது.
நீ உண்மையா எதையாவது எண்ணியிருக்கியா?"

எண்ணியிருக்கிறேன்.
உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த எட்டு மாதம்,
ஒரு சீஆர் கொப்பியில்
அம்மாவின் கொழுந்து நிறை.
தராசு சொன்னது ஒன்று, துண்டு சொன்னது ஒன்று.
மழை நாளில் ஈரத்துக்கென்று மூன்று கிலோ கழிந்தது.
வெயில் காய்ந்த நாளிலும் அதே மூன்று.
மழையைச் சிவப்பில் எழுதினேன்.
மெல்ல மெல்லப் பன்னிரண்டு பெண்களின் துண்டுகள் சேர்ந்தன.
கொப்பியோடு ஆபீசுக்குப் போனபோது
பெரிய கிளாக்கர் சிவப்பே இல்லாத ஒரு பக்கத்தை
நெடுநேரம் பார்த்தார்.
அடுத்த மாதம் வெயில் நாட்களில் கழிவு ஒன்றரை ஆனது.
ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை.
வெற்றி என்று நாங்களும் சொல்லவில்லை.

"தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, எட்டு மாதம்"
ரிஸ்மி தட்டுகிறான்.
"சம்பளம்?"
இல்லை.
"அப்ப தொண்டுன்னு போடுவோம்."
தொண்டு இல்லை.
ஆளுக்கு, நாளுக்கு, ஒன்றரைக் கிலோ.

கடைசியாக நிரந்தர முகவரி.
லயம் நான்கு, அறை பதினேழு, மேற்பிரிவு.
பட்டத்தில் இருப்பது வேறு மேற்பிரிவு.
இங்கு வரும் கடிதம் ஆபீஸ் பையில் படுத்து
ஆற அமர எழுந்து வரும்;
அக்காவின் நேர்முக அழைப்பு
நேர்முகம் முடிந்து ஒன்பதாம் நாள் வந்தது.
"கடை விலாசத்தைப் போடேன்" என்கிறான்.
மின்னஞ்சலைத் தடித்த எழுத்தில் மேலே வைத்தேன்,
லயத்தை அதன் கீழே,
இலக்கத்தோடு, குறைக்காமல்.

பத்துப் பிரதி, இருநூறு ரூபாய்.
தாள் இன்னும் சூடாக இருக்கிறது.
செவ்வாய் ஒன்பதரைக்குக் கொழும்பில் தொழிற்சந்தை.
இரவு ரயிலுக்குச் செருப்போடு போவதாக உத்தேசம்.
குதிகால் சப்பாத்து பைக்குள் இருக்கும்;
கோட்டையில் இறங்கியபின்
உயரமானால் போதும்.