பதினோராவது மையொற்று

மதியம் ஒன்று ஐம்பதுக்கு,
ஹிமேஜி ரயிலடிக்கு எதிரே, மூக்குக்கண்ணாடிக் கடை மாடிக்கு,
பேருந்து ஓட்டும் ஹிகோசாகா
சீருடையோடு படியேறி வந்தார்.
இரண்டு நாற்பதுக்கு வண்டி எடுக்க வேண்டுமாம்.
அவர் கையிலும் வெள்ளையுறை, என் கையிலும்.
மூன்றாமவர் வந்திருந்தால்
யார் மருத்துவர் என்று குழம்பியிருப்பார்.

துண்டில் சுற்றியிருந்தது
உள்ளங்கை அகல இரும்பு வட்டு.
வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருந்து
யாருடைய விரல்களையோ காத்தது.
வாள் போய்விட்டது.
மாமனார் வீட்டில் குளியலறைக் கதவு அடிக்காமலிருக்க
இதை முட்டுக்கொடுத்திருந்தார்களாம்.
குளியலறையிலா என்றேன்.
குளியலறையில்தான் என்றார்.

முதலில் கண்ணால் பார்ப்பதில்லை நான்.
நகத்தால் சுண்டுவேன்.
வார்த்த இரும்பு தும்மும்.
அடித்த இரும்பு
பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் திரும்பும்.
இது திரும்பியது.

பிறகு ஜன்னல். நேர்வெயில் ஆகாது,
எதிர்ச்சுவரில் பட்டு வரும் வெளிச்சம் போதும்.
துருவின் நிறம் கத்தரிக்காய்த் தோல்,
தரையில் கிடந்த பக்கம் மட்டும் செங்கல்.
விளிம்பில் பெருவிரல் ஓட்டினால்
அங்கங்கே எலும்பு தட்டுகிறது,
சம்மட்டிக்கு மசியாத முடிச்சுகள்.
அலகு நுழையும் துளையின் மேலும் கீழும்
செம்புத் துணுக்கு அடைத்து, தட்டி, மறுபடி அடைத்து...
குறைந்தது மூன்று வாள்களோடு
குடித்தனம் நடத்தியிருக்கிறது.

"என்ன படம் இது?
அரிவாள் தெரிகிறது. அப்புறம் ஒரு சக்கரம்.
கடைசியில் விலாங்கா?"
விலாங்கு இல்லை. எழுத்து.
நு.
அரிவாளுக்குக் கமா, வளையத்துக்கு வா,
சேர்த்து வாசித்தால் கமாவாநு:
எனக்கென்ன போச்சு.
அந்தக் காலத்து எடோவில் தோளை ஆட்டித் திரிந்தவர்கள்
மேலாடையில் அச்சிட்டுக்கொண்ட விடுகதை.
சிரித்தார்.
விலாங்கை இன்னொரு தரம் தடவிப் பார்த்தார்.

துளைக்கு இடப்பக்கம் ஒரு பெயர்.
மிகப் பெரிய பெயர். இங்கே எழுத மாட்டேன்.
அந்தப் பெயர்க்காரர் படம் வெட்டினால்
காற்றுக்கு இடம் விட்டு வெட்டுவார்.
இதில் அரிவாள் மூக்கு விளிம்பை இடிக்கிறது.
எழுத்தின் பள்ளத்தில் துரு உட்காரவில்லை,
தேயிலைச் சாயம் உட்கார்ந்திருக்கிறது.
கடைசிக் கோடு
முடியவேண்டிய இடத்தில் முடியாமல்
குருவி வால்போலச் சற்றே மேலே எழுகிறது.

அந்த வால்.
பதினேழு வருடமாய், பத்து வட்டுகளில்,
வெவ்வேறு பெயர்களின் நுனியில் பார்த்துவிட்டேன்.
இடக்கைக்காரன் என்று நினைக்கிறேன்.
உளியைத் தீட்டச் சோம்பல்.
ஆனால் அவன் தொட்ட வட்டு எதுவும் மட்டமில்லை.
பெயரில்லாத நல்ல இரும்பாய்த் தேடிப் பிடித்து
பெரிய இடத்துப் பெயரைப் போடுவான்,
வசதியில்லாத வீட்டுப் பெண்ணுக்கு
இரவல் நகை பூட்டுவதுபோல்.
நிஜமான கொல்லர் எவரையும்
எனக்கு இவ்வளவு தெரியாது.

பெயர் பொய், என்றேன்.
"அப்போ செய்தது யார்?"
தெரியாது.
"ஊராவது?"
ஓவாரிப் பக்கம் இருக்கலாம், அந்த எலும்பை வைத்துச் சொன்னால்.
இருக்கலாம், அவ்வளவுதான்.
பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டால்
இன்னும் நல்ல விலை போகும்.

கடிகாரம் பார்த்தார். இரண்டு இருபத்தெட்டு.
"சுரண்டினால் அந்த இடம் வெளிறித் தெரியாதா?"
தெரியும், கொஞ்ச நாளைக்கு.
"அப்போ இருக்கட்டும்.
யாரோ உட்கார்ந்து வெட்டியிருக்கிறான், பாவம்."

மெல்லிய தாள், மெழுகு மை.
இரண்டு நிமிடம் கேட்டேன், மூன்று கொடுத்தார்.
மற்ற பத்துத் தாள்கள் இருக்கும் இழுப்பறையில்
இதையும் வைத்தேன். அதன் மேல்
என்ன எழுதி ஒட்டுவதென்று
இன்றும் தெரியவில்லை.

இரண்டு நாற்பத்தொன்றுக்குத்
தெருமுனையில் ஒரு பேருந்து திரும்பியது.
தபாலில் அனுப்பவேண்டிய சான்றிதழை எடுத்து
செய்தவர் என்ற கட்டத்தில்
வெறும் கோடு ஒன்று போட்டேன்.
முடிக்கும்போது பேனா
அதைச் சற்றே மேலே இழுத்துவிட்டது.