நாளுக்கு இரண்டு தரம்

எங்கள் கட்சியில் பதினொரு பேர்.
ஒருவர் கனடாவில்.
ஒருவர் மாமனாருக்குப் பயந்து
இருட்டினாப்போல்தான் வருவார்.
சின்னம் கேத்தல்.
கொதித்தால் சத்தம் போடும், காணும் என்றார் பத்திநாதர்.
ஆட்டோ அவருடையது,
ஒலிபெருக்கி அந்தோனியார் கோயிலில் இரவல்,
குரல் மட்டும் என்னுடையது.

பாலிநகர், யோகபுரம்,
வவுனிக்குளத்துக் கட்டு, மல்லாவிச் சந்தை.
புழுதி தின்று தின்று நான் சொன்னது:
பிரசவ வாட்டைப் பூட்டாதே.
இரவுக்கு ஒரு டாக்குத்தர் வேணும்.
வெளியில் வாங்கு என்று சிட்டை எழுதாதே.

மற்றவர்கள் தேசத்தைப் பற்றிப் பேசினார்கள்.
நாங்கள் பனடோலைப் பற்றிப் பேசினோம்.
"இதெல்லாம் ஒரு அரசியலோ?"
உரக்கடை வாசலில் ஒருவர் சிரித்தார்.
அவருடைய சட்டைப்பைக்குள்ளிருந்து
கிளினிக் கொப்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் வேட்பாளர் அற்புதமலர்,
வாட்டில் சிற்றூழியராய் இருந்து இளைப்பாறியவர்.
அந்த மாசி பங்குனியில்
கட்டில், சேலைன், காயக்காரர்
எல்லாம் ட்ராக்டர் பெட்டியில் ஏற்றி
ஆஸ்பத்திரியையே ஊர் ஊராய்க் கொண்டு திரிந்தவர்.
அதை மேடையில் சொல்லுங்கோ, வோட்டு விழும் என்றோம்.
பிளேன்ரீயைக் கீழே வைத்தார்.
"அது அந்தச் சனத்தின்ர. விக்கேலாது."
பிறகு எழும்பிப் போய்
சேலைன் தாங்கி எத்தனை குறையுது என்று
மைக்கில் கணக்குச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒலி எழுப்பத் தடை.
எதற்காக இவ்வளவு கத்தினோமோ
அதன் முன்னால் போகையில் வாய் கட்ட வேணும்.
மைக்கை நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்தி
பத்திநாதர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்
தள்ளிக்கொண்டு போனோம்
செத்தவீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி.
எழுபத்திரண்டாம் நம்பர்த் துண்டோடு
வரிசையில் நின்ற ஒரு மனிசி
"எண்ணெய் முடிஞ்சுதோ தம்பி?" என்று
தானும் ஒரு கை கொடுத்தா.
பின்னால் இன்னும் நாலு பேர்.
எங்களுக்குச் சேர்ந்த ஆகப்பெரிய கூட்டம் அதுதான்.

துண்டுப் பிரசுரம் ஐயாயிரம்.
ஒரு பக்கம்தான் அச்சு,
மற்றப் பக்கத்துக்குக் காசில்லை.
அந்தக் கிழமை பார்த்து
ஆஸ்பத்திரியில் மருந்து போடும் உறை முடிந்தது.
மருந்து யன்னலில் இருந்த பிள்ளை
(பெயர் சொல்லமாட்டேன், வேலை போய்விடும்)
எங்கள் துண்டை நாலாய் மடித்து
குளிசை போட்டுக் கொடுக்கத் தொடங்கியது.
வெள்ளைப் பக்கம் வெளியே:
காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்.
உள்ளே, மெற்போமினோடு, கேத்தல்.

முறைப்பாடு போனது.
அரச கட்டடத்தில் கட்சிப் பிரசாரம்.
தேர்தல் அலுவலர் வந்தார், தன்மையான மனிதர்.
ஒரு கிழவரின் பொட்டலத்தைப் பிரித்து
குளிசைகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு
முழுவதையும் வாசித்தார், எழுத்துப்பிழையோடு.
திருப்பிப் போட்டுக் கொடுக்க
அவரிடமும் வேறு கடதாசி இல்லை.
அதே துண்டிலேயே மடித்து நீட்டிவிட்டு
இனிமேல் கூடாது என்று எழுதிவைத்துப் போனார்.

அன்றிரவு மிச்சக் காசுக்கு
இரண்டு கட்டு வெள்ளைத்தாள் வாங்கினோம்.
ஒன்றும் அச்சடிக்கவில்லை.
பத்திநாதர் வெட்ட, அற்புதமலர் கூழ் தடவி ஒட்ட
விடியும்வரை உறை செய்தோம்.
மாமனாருக்குப் பயந்தவர்
விடிந்த பிறகும் இருந்தார்.

நூற்றியெண்பத்தேழு வாக்கு.
கட்டுக்காசும் போச்சு.

ஒன்பதாம் நாள் உரக்கடை வாசலில்
அதே மனிதர் என்னை மறித்தார்.
"நான் உங்களுக்குப் போடேல்லை" என்றார்,
நான் கேட்கவேயில்லை.
பிறகு கொப்பிக்குள்ளிருந்து மெல்ல எடுத்தார்.
"உந்தத் துண்டு இன்னும் கிடக்கோ?
குளிசை கொட்டுண்ணுது."

வாங்கிப் பார்த்தேன்.
நாளுக்கு இரண்டு தரம் பிரித்துப் பிரித்து
மடிப்பில் பிய்ந்திருந்தது,
கேத்தலின் மூக்கடியில்.