ம் கொட்டுதல்

மத்திகெரேயில் பேக்கரிக்கு மேல் மாடி.
ஜன்னல் ஓரம் ஒரு பலகை, மேசை நடுவில் ஒன்று,
இரும்பு பீரோவுக்குப் பின்னால் மூன்றாவது.
ரேடியோ என்று பெயர்தானே தவிர
திருக ஒரு குமிழ் கிடையாது.
எந்த அலைவரிசை, எப்போது பேச, எப்போது வாய் மூட,
எல்லாம் நான் எழுதும் வரிகள்.

பேசுமுன் கேள் என்பது முதல் விதி.
காற்றில் யாராவது இருந்தால் பொறு.
இருவர் ஒரே நேரத்தில் வாய் திறந்துவிட்டால்
இருவரும் பின்வாங்கி, மனசுக்குள் ஆளுக்கோர் எண் நினைத்து,
அதைப் பூஜ்யம்வரை எண்ணிவிட்டுப் பேசு.
மறுபடி மோதினால் இன்னும் பெரிய எண்.
கோரகுண்டேபாளையா சிக்னலில்
இதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

கீழே பப்ஸ் சூடு பண்ணும்போதெல்லாம்
திரையின் நீலத்தில் மஞ்சள் கீறல்கள்.
மைக்ரோவேவ் அடுப்பும் எங்கள் அலைவரிசையில்தான் கத்துகிறது.
கரண்டின் ஒவ்வொரு சுழற்சியிலும்
பாதி நேரம் கத்தல், பாதி நேரம் மூச்சு.
அந்த மூச்சுக்குள் மூன்று பொட்டலம் தள்ளிவிடப் பழகினோம்.
கீறலின் நீளத்தைப் பார்த்தே
எக் பப்ஸா வெஜ் பப்ஸா என்று சொல்வான் கெம்பராஜு.
பெரும்பாலும் தப்பு.

ஆனால் 'ம்' மட்டும் வரவில்லை.
கதை சொன்னால் கேட்பவர் ம் கொட்ட வேண்டும்,
இல்லையென்றால் கதை நகராது.
இங்கேயும் அதேதான்: பொட்டலம் முழுசாகச் சேர்ந்தால்
பத்து மைக்ரோ நொடியில் ம்.
என் லேப்டாப் நல்ல பிள்ளை.
வாங்கி, பிரித்து, யோசித்து,
கேபிள் வழியே திரும்பி ஓடிவந்து ம் என்பதற்குள்
முந்நூறு மைக்ரோ நொடி.
அனுப்பியவன் அதற்குள் சேரவில்லை என்று முடிவு கட்டி
அதே கதையை முதலிலிருந்து தொடங்கியிருப்பான்.
என் ம் அவன் வாய்மேலேயே போய் விழும்.

ஐந்து வாரம் இப்படி.
கடைசியில் அந்த ம்மை மூளையிலிருந்து பிடுங்கி
பலகையின் சில்லுக்குள்ளேயே வைத்தேன்.
இனி அது யாரையும் கேட்காது.
கூட்டுத்தொகை சரியா? ம்.
உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது
அதன் கவலை இல்லை.

வியாழன் இரவு ஒன்பதே காலுக்கு முதல் ம்.
அப்புறம் நூறு, ஆயிரம், ஒன்றும் தவறாமல்.
தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.
செங்கமலம் பேசிக்கொண்டிருந்தாள்.
அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் நானும் போட்டேன்.
எண்ணிப் பார்த்திருந்தால்
அதிலும் ஒன்று தவறியிருக்காது.
"சரிக்கா, நீ வேலயப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

கெம்பராஜு தில்பசந்த் வாங்கிவந்தான்.
பாதி தின்றிருப்பேன்.
எங்கோ பிரிக்காமல் கிடந்த பொட்டலம் ஒன்று
தானாகப் பிரிந்தது:
மெஜஸ்டிக். பதினேழாம் நடைமேடை. ரெண்டு பை.
"அவர்கிட்ட சொல்லிக்காமயே கெளம்பிட்டேன்."
அதற்கும் ம் என்றிருக்கிறேன்.

கூப்பிட்டேன். பிஸி.
அவளும் என்னைத்தான் கூப்பிடுகிறாளோ என்னவோ.
வைத்துவிட்டு ஓர் எண் நினைத்து எண்ணினேன்.
மறுபடி பிஸி.
இன்னும் பெரிய எண்.
நாற்பத்தொன்றுக்கு வந்திருந்தபோது மணி அடித்தது.
"இப்பவாவது கேக்குதாக்கா?"

எங்கள் விதிகளில்
புரியவில்லை என்பதற்குச் சொல் கிடையாது.
பதில் வராவிட்டால் திரும்பச் சொல், அவ்வளவுதான்.

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

நடத்துனர் யாரோ தும்கூரு தும்கூரு என்று
கத்திக்கொண்டே கடந்துபோனார்.
ஒரு பஸ் பின்னால் நகரும் சத்தம்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு
முதலிலிருந்து தொடங்கினாள்.